இல்லத்தரசிச் சந்தின் இறப்புக் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010-ல் சிவில் முடித்து வெளியே போனவன் நான். இந்த மேடையில் பேச எனக்கு என்ன தகுதி என்று எனக்கே தெரியவில்லை. செயலாளர் அண்ணன் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு என்ன?" என்று கேட்டார். "இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் இங்கிலாந்தில் ஒரு ஊரில் ஜனங்கள் எதனால் செத்தார்கள் என்பது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்தியா பேசப் போறே?" என்றார். (சிரிப்பு) ஆனாலும் மறுக்காமல் அனுமதி கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

இந்தத் தலைப்புக்கு நான் வந்த வழியைச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

மூன்றாம் ஆண்டில் நமக்குச் சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு. முதல் வகுப்பிலேயே சார் ஒரு கதை சொன்னார். 1854-ல் லண்டனில் பிராட் தெருவில் காலரா. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாக இறப்பைக் குறித்து, எல்லாம் ஒரே குடிநீர் பம்பைச் சுற்றி இருப்பதைக் கண்டுபிடித்தார். பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். இங்கே சிவில் படித்த எல்லோரும் கேட்ட கதைதான். அன்றைக்கு என் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று. டாக்டர் பத்து உயிரைக் காப்பாற்றுவார், ஒழுங்காகப் பைப் போடுகிறவன் பத்தாயிரம் உயிரைக் காப்பாற்றுவான். அந்தக் கர்வத்தோடுதான் வேலைக்குப் போனேன்.

2013-ல் ஒரு மறுகுடியமர்வுத் திட்டத்தில் சைட் இஞ்சினியர். ஊர் பெயர் வேண்டாம். ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களை ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளுக்கு மாற்றும் வேலை. என் பொறுப்பு குடிநீரும் கழிவுநீரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, நல்ல வேலை செய்தோம். ஒவ்வொரு வீட்டிலும் குழாய், ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறை, மேன்ஹோலெல்லாம் லெவல் பார்த்து வைத்தது. ஒப்படைத்து ஆறு மாதம் கழித்து, ஏதாவது கசிவு உண்டா என்று பார்க்கப் போனேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு அம்மா. பழைய இடத்தில் இருந்தபோது பக்கத்துக் காலனியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். உட்கார வைத்துக் கறுப்பு டீ கொடுத்தார். "வீடு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். பாராட்டு வாங்கத்தான் கேட்டேன்.

"வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி. வீட்டையா திங்க முடியும்?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'புகார் ஏதும் இல்லை' என்று எழுதினேன்.

நிற்க. ஆறு வருடம் கழித்து, 2019-ல், கம்பெனி வேலையாக இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதிக்குப் போய் பதினான்கு மாதம் இருந்தேன். டீஸ் என்ற நதி, அதன் கரையில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊர். மெக்கானிக்கல்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 1825-ல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் ஓடியது இங்கேதான். 1827-ல் உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் முதன்முதலில் விற்றதும் இதே ஊரில்தான். அங்கே குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். சனிக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் நூலகத்துக்குப் போவேன், ஹீட்டர் இருக்கும் என்பதற்காகவும். உள்ளூர் வரலாறு என்ற அலமாரியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவரைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்றால் காகிதத்தில்தான். அவர் 1939-லேயே காலமாகிவிட்டார்.

அவர் பெயர் டாக்டர் மெக்கானிகிள். சரியாகக் கேளுங்கள், மெக்கானிக்கல் இல்லை, மெக்கானிகிள். (சிரிப்பு) 1924 முதல் இறக்கும்வரை ஸ்டாக்டன் நகரசபையின் சுகாதார அதிகாரி.

இந்த உத்தியோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு நகரசபையும் ஒரு டாக்டரைச் சுகாதார அதிகாரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அவர் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை அச்சிட வேண்டும். எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, எத்தனை வீடு பார்த்தோம், கெட்டுப்போன இறைச்சி எவ்வளவு பறிமுதல் செய்தோம், எத்தனை படுக்கைகளைக் கிருமி நீக்கினோம் என்று போகும். படித்தால் தூக்கம் வரும், சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் ஓர் அட்டவணை இருக்கும். 'இறப்புக்கான காரணங்கள்' என்று தலைப்பு. இடது பக்கம் நோயின் பெயர், வலது பக்கம் ஆண் இத்தனை, பெண் இத்தனை. அந்த அட்டவணையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் காலத்து ஆங்கிலேய நகரத்தில் எதனால் செத்தார்கள்? காலரா எப்போதோ போய்விட்டது. நம்ம ஆட்கள் தண்ணீரையும் சாக்கடையையும் பிரித்துவிட்டார்கள். இதய நோயும் புற்றுநோயும் பட்டியலில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே நிமோனியா, மூச்சுக்குழல் அழற்சி, இன்ஃப்ளுயன்சா. காசநோய்க்கு மட்டும் 1930-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 35,000 பேருக்கு மேல் பலி. குழந்தைகளுக்குத் தட்டம்மை, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான். இந்தத் தொண்டை அடைப்பானுக்கு, அதாவது டிப்தீரியாவுக்கு, இருபதுகளிலேயே தடுப்பூசி வந்தாயிற்று. கனடாவில் போட்டார்கள், நியூயார்க்கில் போட்டார்கள். இங்கிலாந்தில் நாடு முழுக்கப் போட ஆரம்பித்தது 1940-ல். அதற்குள் பெரும்பாலான வருடங்களில் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 பேர், அதிகமும் குழந்தைகள், போய்க்கொண்டே இருந்தார்கள். பிரசவத்தில் தாய்மார்கள் சாவது 1934 வரை குறையவே இல்லை. 1,000 பிரசவத்துக்கு நாலு பேருக்கு மேல். 1935, 36-ல் பிரான்டோசில் என்ற சல்ஃபா மருந்து வந்து, லண்டனில் டாக்டர் லெனார்ட் கோல்புரூக் அதைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கோடு கீழே இறங்கியது. பெனிசிலின் அப்புறம்தான்.

தண்ணீராலும் சில சமயம் செத்தார்கள். 1937-ல் லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் டைபாய்டு. 43 பேர் இறந்தார்கள். நகரசபைக் கிணறு ஒன்றில் ஆட்கள் இறங்கி வேலை செய்தபோது குளோரின் போடுவது நிறுத்தப்பட்டிருந்தது. இறங்கியவர்களில் ஒருவர் தனக்கே தெரியாமல் டைபாய்டு கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர். கிணற்றில் வேலை நடக்கிறது என்று இஞ்சினியர் இலாகா சுகாதார அதிகாரிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாணவர்கள் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். இந்த மாதிரிக் கேஸ் என்றால் நமக்குப் புரிகிறது. குழாய் இருக்கிறது, குற்றவாளி இருக்கிறார், வால்வு இருக்கிறது. ஸ்டாக்டனில் நடந்தது இந்த ரகமே இல்லை.

ஸ்டாக்டன் அப்போது சுமார் 67,000 பேர் வாழ்ந்த ஊர். கப்பல் கட்டுவது, இரும்பு, இஞ்சினியரிங் பட்டறை. முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்களில் ஆர்டர் இல்லை, வேலை இல்லை. ஊரின் ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் ஒன்று ஹவுஸ்வைஃப் லேன். தமிழில் சொன்னால் இல்லத்தரசிச் சந்து. பெயர் எவ்வளவு அழகு பாருங்கள்! ஈரச் சுவர், இருட்டு அறை, நெரிசல். இன்னொன்று ஆற்றை ஒட்டிய ரிவர்சைடு. இரண்டுமே சேரிதான்.

1927-ல் நகரசபை ஒரு நல்ல காரியம் செய்தது. இல்லத்தரசிச் சந்தை இடித்துவிட்டு, அங்கிருந்த 152 குடும்பங்களை, 710 பேரை, மவுண்ட் பிளசன்ட் என்று புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு மாற்றியது. ஒவ்வொன்றும் தனி வீடு. குளியல் தொட்டி, நல்ல அடுப்பு, காற்றோட்டமான உணவு அறை, கழிப்பறை. அந்தக் காலத்தில் ஓர் இஞ்சினியர் கேட்கக்கூடியது எல்லாம் இருந்தது. ரிவர்சைடில் இருந்த 289 குடும்பங்கள், 1,298 பேர், அப்படியே பழைய சேரியில் இருந்தார்கள்.

இது ஓர் ஆராய்ச்சிக்காகச் செய்ததல்ல. ஆனால் தானாகவே ஒரு சோதனை மாதிரி அமைந்துவிட்டது. ஒரே ஊர், ஒரே மாதிரி ஜனங்கள், ஒரே வேலையில்லாத் திண்டாட்டம். பாதிப் பேரை நல்ல வீட்டுக்கு மாற்றியாயிற்று, பாதிப் பேரை மாற்றவில்லை. மெக்கானிகிள் என்ன செய்தார் என்றால், ஐந்து வருடம் பொறுமையாக இருந்தார். மாறுவதற்கு முந்தைய 1923 முதல் 1927 வரை ஒரு கணக்கு, மாறிய பின் 1928 முதல் 1932 வரை ஒரு கணக்கு எடுத்தார்.

கணக்கைச் சொல்வதற்கு முன் ஒரு விளக்கம். சாதாரணமாக ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்று ஒப்பிடக் கூடாது. நம்ம ஹாஸ்டலில் நானூறு பேர் இருந்தோம், நாலு வருஷத்தில் ஒரு சாவும் இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் நாற்பது பேர் இருப்பார்கள், மாதத்துக்கு ஒருவர் போவார். அதை வைத்து நம்ம மெஸ் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்று சொல்ல முடியுமா? (பலத்த சிரிப்பு) அதனால் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டித்தான் ஒப்பிட வேண்டும். மெக்கானிகிளும் அப்படித்தான் செய்தார்.

அப்படிச் சரிக்கட்டிய பிறகு, பழைய சேரியில் தங்கிவிட்ட ரிவர்சைடு மக்களின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 26-லிருந்து 23-க்கு அருகே இறங்கியது. சந்தோஷம். நல்ல வீட்டுக்குப் போனவர்களுக்கு? பழைய சந்தில் இருந்தபோது 23-க்குச் சற்றுக் குறைவு. மவுண்ட் பிளசன்டில் 33-க்கு மேல். ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிட்டது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த இஞ்சினியர்கள் எங்கேயோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சாக்கடை இணைப்பு, குடிநீரில் கலப்பு, ஈரம் ஏறும் அஸ்திவாரம், ஏதாவது ஒன்று. வேறு எப்படி நல்ல வீடு ஆளைக் கொல்லும்?

மெக்கானிகிளும் அங்கேதான் ஆரம்பித்தார். வீட்டில் குறை உண்டா? இல்லை. வடிகால்? சரியாக இருந்தது. நெரிசல்? முன்பைவிடக் குறைவு. தொற்றுநோய் ஏதாவது புகுந்ததா? அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் அவர் கை வைத்தது வீட்டுச் செலவு நோட்டில்.

சேரியில் வாரத்துக்கு வாடகை சராசரியாக 4 ஷில்லிங் 8 பென்ஸ். புதுக் குடியிருப்பில் சுமார் 9 ஷில்லிங். பழைய நாணயம், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நான் அன்று நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1931 இறுதியில் அரசு உதவித்தொகையைக் குறைத்த பிறகு, வேலையில்லாத ஆணுக்கு வாரம் 15 ஷில்லிங் 3 பென்ஸ், மனைவிக்கு 8, பிள்ளை ஒன்றுக்கு 2. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மொத்தம் 29 ஷில்லிங் 3 பென்ஸ். சேரி வாடகை போனால் மிச்சம் 24 ஷில்லிங் 7 பென்ஸ். புது வீட்டு வாடகை போனால் 20 ஷில்லிங் 3 பென்ஸ். இதில் நிலக்கரி வாங்க வேண்டும், குளிர் தேசம். சோப்பு, துணி, செருப்பு, விளக்கு. அந்நாளில் ஆங்கிலேயத் தொழிலாளர் வீடுகளில் இன்னொரு செலவையும் நிறுத்தவே மாட்டார்கள். ஈமச்சடங்குக் காப்பீடு. வாராவாரம் வாசலுக்கு ஆள் வந்து சில்லறை வாங்கிப் போவார். அனாதைப் பிணமாக நகரசபைச் செலவில் புதைபடக் கூடாது என்ற மானம்.

எல்லாம் போக மிச்சத்தில் சாப்பாடு. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் குழு 1933-ல் ஒரு கணக்குச் சொன்னது. ஓர் ஆண் உடம்பு கெடாமல் இருக்க வாரத்துக்குக் குறைந்தபட்சம் 6 ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவான உணவு வேண்டும். வாடகையில் கூடிய 4 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது அதில் முக்கால் பங்கு. அதாவது வாரம் ஏழு நாளில் ஐந்து நாளுக்கு ஒரு ஆளின் சாப்பாடு. யார் வயிற்றிலிருந்து அது போயிருக்கும்? கேட்கவே வேண்டாம். எந்த ஊர் ஏழை வீடாக இருந்தாலும் கடைசியில் சாப்பிடுவது அம்மாதான்.

வாடகை கட்டவில்லை என்றால் வீடு போய்விடும். நிலக்கரி இல்லாவிட்டால் குளிரில் விறைக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் உடனே ஒன்றும் தெரியாது. அதனால் குறைப்பது அதைத்தான். பாலும் முட்டையும் இறைச்சியும் போய், ரொட்டி, மார்ஜரின், உருளைக்கிழங்கு, டீ என்று நின்றுவிடும். வயிறு நிறையும், உடம்பில் எதிர்ப்பு இருக்காது. அப்புறம் ஒரு குளிர்காலத்தில் இருமல் வரும். டாக்டர் வருவார். சான்றிதழில் நிமோனியா என்று எழுதுவார். அது பொய்யும் இல்லை.

இங்கே சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் நாட்டில் ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் 'படிவம் 4' என்று ஒன்றை நிரப்புவார். பார்த்திருப்பீர்கள், பார்க்கும்போது படிக்கிற மனநிலையில் இருந்திருக்க மாட்டீர்கள். என் அப்பா காலமானபோதுதான் நான் பார்த்தேன். அதில் (அ) உடனடிக் காரணம், (ஆ) அது எதனால் வந்தது, (இ) அதுவும் எதனால் வந்தது என்று படிப்படியாகக் கட்டம் இருக்கும். இங்கிலாந்துப் படிவமும் இதே மாதிரிதான். நல்ல படிவம். ஒரு பாலம் விழுந்தால் நாமும் இப்படித்தான் கேட்போம், எது முறிந்தது, அது ஏன் முறிந்தது, அதற்கும் முன்னால் என்ன? ஆனால் எந்த டாக்டரும் மூன்றாவது கட்டத்தில் 'வாடகை 9 ஷில்லிங்' என்று எழுத முடியாது. அப்படி எழுத அங்கே இடம் கிடையாது, அது நோயின் பெயரும் இல்லை. அட்டவணையை நூறு முறை படித்தாலும் மவுண்ட் பிளசன்ட் மக்கள் நிமோனியாவிலும் இதய நோயிலும் செத்தார்கள் என்றுதான் தெரியும். மெக்கானிகிள் அந்த அட்டவணையைத் தயாரித்தவரே. அவரே அதை நம்பாமல் அதற்குப் பின்னால் போய்ப் பார்த்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1936-ல் அவர் ஜே. கர்பி என்பவருடன் சேர்ந்து 'வறுமையும் பொதுச் சுகாதாரமும்' என்று பொருள்படும் ஆங்கில நூலாக இதையெல்லாம் வெளியிட்டார். அதே வருடம் ஜான் பாய்ட் ஆர் என்ற விஞ்ஞானி உணவு, ஆரோக்கியம், வருமானம் மூன்றையும் இணைத்து இன்னொரு நூல் போட்டார். பெரிய சர்ச்சை. சுகாதார அமைச்சகம், நாட்டின் ஆரோக்கியம் முன்னேறிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லிவந்தது. அதுவும் சராசரியில் உண்மை. 1920-ல் ஆயிரம் குழந்தைக்கு 80 என்று இருந்த சிசு மரணம் 1930-ல் 60 ஆகிவிட்டது. சராசரிக்குள் ஸ்டாக்டன் போல எத்தனை ஊர் மறைந்துகொண்டது என்பதுதான் சண்டை.

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லாமல் விட்டால் நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேடம் என்னை விடமாட்டார். 710 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆண்டுக்கு இரண்டிலக்க மரணங்கள்தான், நாலு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தாவிக் குதிக்கும். அதற்காகத்தான் அவர் ஐந்தாண்டுச் சராசரி எடுத்தார், ரிவர்சைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருந்தாலும் முப்பதுகளில் இங்கிலாந்து ஆரோக்கியமாக இருந்ததா, பசியோடு இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் பிற்பாடும் மோதிக்கொண்டார்கள். என் சொந்த அபிப்பிராயம், 33 என்ற எண்ணில் சற்று முன்பின் இருக்கலாம். நல்ல வீடு கிடைத்தும் இறப்பு குறையவில்லை என்பது மட்டுமே நமக்குப் போதும்.

இன்னொன்று. யாரும் இதைப் படித்துவிட்டு "அப்போ சேரியே நல்லது" என்று கிளம்ப வேண்டாம். அந்தக் காலத்திலும் அப்படிப் பேசினவர்கள் இருந்தார்கள். மெக்கானிகிள் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. வீடு கொடு, வாடகை கட்டிய பிறகு சாப்பிட மிச்சம் இருக்கிற மாதிரி கொடு என்பதுதான் அவர் பக்கம்.

போர் வந்தது. 1940-ல் ரேஷன், தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மலிவு விலையில் அல்லது இலவசமாகப் பால். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் சிசு மரணம் 1941-ல் ஆயிரத்துக்கு 60 ஆக இருந்தது 1944-ல் 45 ஆக இறங்கியது. அதைப் பார்க்க மெக்கானிகிள் இல்லை. பாய்ட் ஆர் பிறகு ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் முதல் தலைவராகி, 1949-ல் அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கினார்.

நான் அன்று இரவு அறைக்குத் திரும்பி என் பழைய லேப்டாப்பைத் தோண்டினேன். 2013 திட்டத்தின் சர்வே படிவம் கிடைத்தது. அதன் முதல் பிரதியில் மொத்தம் நாலு பக்கம். நாலாவது பக்கத்தில் மாதச் செலவு: பஸ், பால், அரிசி, காய்கறி, மருந்து, வட்டி, இடம் மாறுவதற்கு முன், மாறிய பின். சமூகப் பணி படித்த ஒரு பெண் தயாரித்துக் கொடுத்த படிவம் அது. இறுதிப் பிரதியில் மூன்று பக்கம்தான் இருந்தது. நாலாம் பக்கத்தை வெட்டச் சொன்னது யாரோ மேலதிகாரி இல்லை. நான்தான். "நேரம் ஆகுது, இது நம்ம ஸ்கோப்பே கிடையாது" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

கறுப்பு டீ கொடுத்த அம்மாவுக்குப் பழைய இடத்திலிருந்து வேலை வீடுகளுக்கு நடைதூரம். புது இடத்திலிருந்து போக ஒரு பஸ், மாறி இன்னொரு பஸ், அப்படியே திரும்ப. காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாததால் நாலு வீட்டில் இரண்டு கைவிட்டுப் போயிற்று. இதெல்லாம் அன்றே அவர் சொன்னதுதான், நான் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். டீ ஏன் கறுப்பாக இருந்தது என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டாக்டனில் பாலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆறு வருடம் கழித்து, அந்த டம்ளர் ஞாபகம் வந்தது.

அந்தக் குடியிருப்பில் இறப்பு விகிதம் கூடியதா, குறைந்ததா? யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டிய பக்கத்தை நான் வெட்டிவிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு இப்போது நான் வேலை செய்யும் திட்டங்களில் அந்த நாலாம் பக்கம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் மீட்டிங்கில் யாராவது ஒருவர், "சார், இது நம்ம ஸ்கோப்பா?" என்று கேட்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை, என் குரலையே கேட்கிற மாதிரி இருக்கிறது. சில இடங்களில் அந்தப் பக்கத்தைக் காட்டி ஒரு காலை பஸ் கூடுதலாக விட வைத்திருக்கிறோம். சில இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை, காகிதம் பீரோவில் இருக்கிறது.

போன மாதம் நிரப்பி வந்த படிவங்களில் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். பெயரும் கதவு எண்ணும் மறைத்துவிட்டேன். பால் என்ற கட்டத்தில், 'முன்' என்ற இடத்தில் அரை லிட்டர் என்றும், 'பின்' என்ற இடத்தில் 'விருந்தாள் வந்தா மட்டும்' என்றும் பென்சிலில் எழுதியிருக்கிறது. கடைசி வருட மாணவர்கள் யாராவது இந்தப் படிவத்தைத் தங்கள் பிராஜெக்டுக்குப் பயன்படுத்த விரும்பினால் டீ இடைவேளையில் என்னிடம் வரலாம், நகல் பத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்து நிமிஷம் என்று சொல்லி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேனோ, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.